பிலிப்பைன்ஸுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு: ஜீப்னி, மழை, மனசு மூன்றுக்குமான பிலிப்பினோ சொற்கள்

பிலிப்பைன்ஸில் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டிவிடலாம். 1987-ஆம் ஆண்டு அரசியலமைப்புப்படி பிலிப்பினோவும் ஆங்கிலமும் அங்கே ஆட்சிமொழிகள். விமான நிலையம், வங்கி, கல்லூரி, மால் எதிலும் சிக்கல் வராது. சிக்கல் வருவது ஜீப்னிக்குள்ளே (பலர் சேர்ந்து போகும் ஊர் வண்டி அது), மழை கொட்டும்போது தெருமுனையில், கூட இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது. இந்த மூன்று இடத்திலும் ஊர்க்காரர்கள் சட்டென்று தங்கள் மொழிக்குத் தாவிவிடுவார்கள். பயணம், வானிலை, உணர்ச்சி மூன்றுக்குமாக எழுபது எண்பது சொல் கையில் இருந்தால் சமாளித்துவிடலாம்.

கடையில் கிடைக்கும் கைப்புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்களை மனதில் வைத்து எழுதியவை. மரியாதைப் பன்மை என்றால் என்ன, முன்பின் தெரியாதவரை ஏன் அண்ணன் என்று கூப்பிடுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக விளக்கும். அதெல்லாம் நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரிந்த சங்கதி. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் தமிழிலிருந்து நேராக இந்த மொழிக்குள் நுழைந்தால் பாதி வேலை மிச்சம்.

முதல் வேலை: எந்த ஊர் என்று பாருங்கள்

பிலிப்பினோ என்பது தகலோக் மொழியை அடிப்படையாகக் கொண்டது. மணிலா, அதைச் சுற்றியுள்ள மாகாணங்களில் அதுதான் வீட்டுமொழியும். செபு, தாவாவோ பக்கம் போனால் வீட்டிலும் தெருவிலும் பிஸாயா என்ற வேறு மொழி. தகலோக் பேசினால் அங்கே புரிந்துகொள்வார்கள். பதில் பிஸாயாவில் வரும். தாவாவோவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் தமிழக மாணவர்கள் மணிலாவை மனதில் வைத்துத் தயார் செய்துகொண்டு போய் முதல் நாளே முழிப்பது இதனால்தான். இந்தக் கட்டுரை தகலோக்கை வைத்து எழுதப்பட்டது. பிஸாயா மாறும் இடங்களைக் கடைசிக்கு முன்னால் தனியாகச் சொல்கிறோம்.

இரண்டாவது: ஓசை

தமிழ் எழுத்தில் இந்தச் சொற்களைப் படிக்க நாலு விதி.

ஒன்று, த எப்போதும் பல்லில் நாக்கு படும் நம்முடைய த. ஆங்கிலப் பழக்கத்தில் ட போட்டால் காதுக்கு அந்நியமாக இருக்கும். இரண்டு, சொல்லின் நடுவே இரட்டை எழுத்து வந்தால் அது வல்லோசையைக் காட்டத்தான். அழுத்தி நீட்ட வேண்டாம். ஒற்றையாக வந்தால் மெலிந்த ஓசை. மூன்று, நெடில் வரும் அசையில் அழுத்தம் கொடுங்கள். ஈற்றில் இருக்கும் நெடிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேறெங்கும் நெடில் இல்லையென்றால் அழுத்தம் கடைசி அசையில். நான்காவது சொல்லின் முதலெழுத்து. பாயத், பர்யா, பென்த்தே, பூக்கஸ், புக்கஸ், பக்யோ, பஹா, பஹாலா, பாஸா, பஸா, புஸோக் இவற்றில் வருவது ‘பஸ்’ஸில் கேட்கும் ப. தித்தோ, தோ-ஓன், தலவா, திரேச்சோ, தலூயொங், தஹான் இவற்றில் ‘தினம்’ என்பதன் த. கலித், குத்தோம், கீகில், கமோத் இவற்றில் ‘காந்தி’யின் க. மற்றவை எல்லாம் வல்லினம். இது அற்ப விஷயம் போலத் தெரியும். ஆனால் ‘தியான்’ என்பதைத் தினத்தின் த போட்டுச் சொன்னால் ‘உங்கே’ (கேட்பவருக்கு அருகில்), தமிழின் த போட்டுச் சொன்னால் வயிறு.

அழுத்தம் மாறினால் பொருளே மாறும் சொற்களும் உண்டு. பூக்கஸ் என்றால் நாளை. புக்கஸ் என்றால் திறந்திருக்கிறது. எழுத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். அழுத்தக் குறி யாரும் போடுவதில்லை. கடை வாசலில் தொங்கும் பலகையில் அந்தச் சொல் இருந்தால் கடை திறந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதேபோல் பாஸா என்றால் வாசிப்பு, பஸா என்றால் ஈரம்.

நமக்குச் சாதகமான ஒன்றும் இருக்கிறது. பிலிப்பினோ எழுத்துமாலையில் 28 எழுத்து. அதில் ங ஒரு தனி எழுத்து. சொல்லின் முதலிலேயே வரும். ஙயோன் என்றால் இப்போது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதைச் சொல்ல வாரக்கணக்கில் திண்டாடுவார்கள். நமக்கு அந்த எழுத்து நெடுங்கணக்கிலேயே இருக்கிறது.

மூன்றாவது: ‘போ’ என்றால் போகச் சொல்வதல்ல

வாக்கியத்துக்கு வாக்கியம் ‘போ’ என்று காதில் விழும். அது மரியாதைச் சொல். நம் ஊரில் ‘ங்க’ சேர்ப்பது போல வயதில் பெரியவர், ஓட்டுநர், கடைக்காரர், அதிகாரி, யார் என்று தெரியாதவர் எல்லோரிடமும் சேர்க்க வேண்டும். சொல்லும்போது கடைசியில் தொண்டையை லேசாக அடைத்து நிறுத்துங்கள். ‘ஓ-ஓ’ என்றால் ஆமாம், மரியாதையாக ‘ஓப்போ’. இல்லை என்பதற்குச் சொல் ‘ஹிந்தி’. ஆமாம், அதேதான். தமிழ்நாட்டுக்காரர்கள் இதை ஒரு தடவை கேட்டால் மறப்பதில்லை. மரியாதையாக மறுக்க ‘ஹிந்தி போ’.

நீ என்பதற்கு இக்கவ் அல்லது கா, நீங்கள் என்பதற்குக் கயோ. நாம், நாங்கள் என்ற வேறுபாடும் அப்படியே இருக்கிறது: கேட்பவரையும் சேர்த்தால் தாயோ, சேர்க்காவிட்டால் கமி. இதைத் தப்பாகச் சொன்னால் சாப்பிடக் கூப்பிடுவது ‘நாங்கள் மட்டும் சாப்பிடப் போகிறோம்’ என்றாகிவிடும்.

கூப்பிடும் முறையும் நம்முடையதுதான். இளவயது ஆண் என்றால் கூயா, பெண் என்றால் ஆத்தே. அண்ணன், அக்கா என்று பொருள். கொஞ்சம் வயதான ஓட்டுநரை மனோங் என்பார்கள். ‘எக்ஸ்க்யூஸ் மீ’யைவிட ‘கூயா’ இரண்டு மடங்கு வேகமாக வேலை செய்யும். ஒன்று மட்டும் கவனம்: நம் தலையாட்டலை அங்கே பலர் ‘இல்லை’ என்றோ ‘தெரியாது’ என்றோ எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் புருவத்தைச் சற்றுத் தூக்கினால் ஆமாம் என்று அர்த்தம். உதட்டைக் குவித்து ஒரு பக்கம் காட்டினால், நீங்கள் கேட்ட இடம் அந்தப் பக்கம் இருக்கிறது. கிண்டல் செய்வதாக நினைத்துவிட வேண்டாம்.

நான்காவது: ஜீப்னியில் ஏறி இறங்குவது

ஜீப்னியில் பெரும்பாலும் நடத்துநர் கிடையாது. பின்பக்கம் ஏறி, நீளவாக்கில் போட்ட இரண்டு பலகையில் எதிரெதிராக உட்கார வேண்டும். கட்டணம் ஓட்டுநர் கைக்குப் போய்ச் சேருவது சகபயணிகள் வழியாக. காசை நீட்டி ‘பாயத் போ’ என்று சொல்லுங்கள். பாயத் என்றால் கட்டணம். பக்கத்திலிருப்பவர் வாங்கிக் கைமாற்றி விடுவார். கவனிக்காமல் இருந்தால் ‘பாக்கி-அபோத் போ’, அதாவது கொஞ்சம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். கூடவே இறங்கும் இடத்தையும் எத்தனை பேர் என்பதையும் சொல்ல வேண்டும்: ‘கியாப்போ, இஸா லாங் போ’. கியாப்போவில் இறங்க, ஒரே ஒருவர் என்று பொருள். சொல்லாமல் விட்டால் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து ‘இலான் தோ?’ என்பார். ‘இது எத்தனை பேருக்கு?’ என்று கேட்கிறார்.

மீதி வரவில்லையா? ‘ஸுக்லி போ’. எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கூட்டத்தில் உங்கள் காசு எது என்று தெரியும்: ‘ஸுக்லி போ ஸா ஸிங்க்வென்த்தா’, ஐம்பதுக்கு மீதி. பழைய ஜீப்னிகளில் ‘பர்யா லாங் போ ஸா உமாகா’ என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். காலையில் சில்லறை மட்டும் என்று பொருள். முதல் சவாரியில் ஓட்டுநரிடம் மாற்றித்தர ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் 500 பெசோ தாளை நீட்டினால் வண்டி முழுக்க உங்களைத் திரும்பிப் பார்க்கும். 2023 அக்டோபரில் பழைய ஜீப்னியின் குறைந்தபட்சக் கட்டணம் முதல் 4 கிலோமீட்டருக்கு 13 பெசோவாக உயர்ந்தது. கட்டணம் அவ்வப்போது மாறும். வண்டிக்குள் ஒட்டியிருக்கும் கட்டண அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்க ‘பாரா போ’. சத்தமாக, தயங்காமல் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு முணுமுணுத்தால் இரண்டு தெரு தள்ளிப்போய் இறங்குவீர்கள். ‘ஸ்டாப்’ என்று கத்தினாலும் நிற்கும், ஆனால் அதட்டல் போலக் கேட்கும். ஓரமாக நிறுத்த ‘ஸா தபி லாங் போ’, தெருமுனையில் நிறுத்த ‘ஸா கான்த்தோ லாங் போ’. நிறுத்தக்கூடாத இடமாக இருந்தால் ஓட்டுநர் சற்றுத் தள்ளிப்போய்த்தான் நிறுத்துவார். மறுபடி மறுபடி ‘பாரா’ சொல்லத் தேவையில்லை. (இந்தத் தபி என்ற சொல்லையே இரட்டித்து ‘தபி-தபி போ’ என்று மரத்தடியிலும் புதர் ஓரத்திலும் சொல்லிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத குடியிருப்பாளர்களிடம் வழி கேட்கிறார்கள்.)

டிரைசைக்கிள் வேறு கதை. மோட்டார் சைக்கிளோடு பக்கவாட்டில் ஒரு கூண்டு கோத்த வண்டி. ஏறுவதற்கு முன்னால் ‘மக்கானோ போ?’ என்று கேளுங்கள்: எவ்வளவு? ஓட்டுநர் ‘ஸ்பெஷல்?’ என்று கேட்டால், வண்டி முழுவதையும் நீங்கள் ஒருவரே எடுத்துக்கொள்கிறீர்களா என்று பொருள். ஏதோ நல்ல வண்டி போல என்று ஆமாம் போட்டால் பல மடங்கு கட்டணம். மற்றவர்களோடு பகிர்ந்து போக ‘ஹிந்தி போ’ சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

எண்ணும் நேரமும்

எண்ணிக்கைக்கு ஒரு வரிசை, விலைக்கும் மணிக்கும் வேறொரு வரிசை என்பதுதான் புதியவர்களைக் குழப்புவது. எத்தனை பேர், எத்தனை பொருள் என்றால் இஸா, தலவா, தத்லோ, ஆப்பத், லிமா, ஆனிம், பித்தோ, வலோ, ஸியம், ஸம்ப்பூ. விலையும் நேரமும் ஸ்பானிய எண்களில் ஓடும்: பென்த்தே 20, த்ரேன்த்தா 30, ஸிங்க்வென்த்தா 50. எட்டு மணி அலாஸ் ஒச்சோ, எட்டரை அலாஸ் ஒச்சோ இ மேத்யா, ஒரு மணிக்கு மட்டும் அலா ஊனா. பஸ் அலாஸ் த்ரேஸுக்குக் கிளம்பும் என்றால் மூன்று மணி. பத்து வரைக்கும் முதல் வரிசையைத்தான் எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். சந்தையில் உண்மையில் காதில் விழுவது இரண்டாவது வரிசை. அதை முதலில் படியுங்கள்.

வழிக்கு: கானன் வலது, கலிவா இடது, திரேச்சோ நேராக, மலாப்பித் பக்கம், மலாயோ தூரம். இங்கே தித்தோ, உங்கே தியான், அங்கே தோ-ஓன். பேசுபவருக்கு அருகில், கேட்பவருக்கு அருகில், இருவருக்கும் தள்ளி என்ற மூன்று நிலை இது. இது, உது, அது என்று இன்றும் பேசும் யாழ்ப்பாணத்தார் இதைப் படிக்கவே தேவையில்லை. தமிழ்நாட்டார் ‘உது’வை ஞாபகப்படுத்திக்கொண்டால் போதும். கழிப்பறைக்கு ‘நஸ-ஆன் போ அங் சி.ஆர்?’. அந்த சி.ஆர். கம்ஃபர்ட் ரூம் என்பதன் சுருக்கம். டாய்லெட், ரெஸ்ட்ரூம் எல்லாம் இரண்டாம்பட்சம்.

அங்கத்திய ஆங்கிலம்

ஆங்கிலச் சொல்தானே என்று அசட்டையாக இருந்தால் இங்கே தடுக்கும். தொலைபேசியில் ‘ஃபார் எ வைல்’ என்றால் ‘கொஞ்சம் இருங்கள்’. பிரவுன்அவுட் என்றால் மின்சாரம் முழுதாகவே போய்விட்டது. கைப்பேசிக்கு ரீசார்ஜ் என்று கேட்டால் முழிப்பார்கள்; ‘பா-லோட் போ’ சொல்லுங்கள். கம்யூட் என்றால் சொந்த வண்டி இல்லாமல் பஸ், ஜீப்னியில் போவது. பெட்ஸ்பேஸ் என்பது அறை அல்ல, அறைக்குள் ஒரே ஒரு கட்டில். வாடகை மலிவாக இருக்கிறதே என்று முன்பணம் கொடுப்பதற்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மணிலாவில் ‘இன்று கோடிங்’ என்று ஒருவர் வண்டி எடுக்காமல் இருந்தால், எண்பலகையின் கடைசி இலக்கப்படி அன்று அவர் வண்டிக்குத் தடை. திங்களுக்கு 1, 2 என்று தொடங்கி வெள்ளிக்கு 9, 0. ‘சால்வேஜ்’ என்ற சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். மீட்பது என்று நாம் நினைப்போம். அங்கே பேச்சுவழக்கில் அது ஆளைச் சட்டத்துக்குப் புறம்பாகத் தீர்த்துக்கட்டுவது.

ஐந்தாவது: மழை, வெயில், புயல்

வானிலைக்கு முப்பது சொல் மனப்பாடம் செய்வதைவிட ஒரே ஒரு வேர்ச்சொல்லை எப்படி மடக்குகிறார்கள் என்று பார்த்துவிடுவது மேல். உலான் என்றால் மழை. உமுலான்: மழை பெய்தது. உமு-உலான்: பெய்துகொண்டிருக்கிறது. உ-உலான்: பெய்யும். இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் முதல் உயிரெழுத்துக்கு முன்னே ஓர் ‘உம்’ ஒட்டுகிறது; நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் முதல் அசை இரட்டிக்கிறது. ‘உமுலான் கஹாப்பொன்’ நேற்று மழை பெய்தது, ‘உ-உலான் மமயா’ இன்னும் கொஞ்ச நேரத்தில் பெய்யும். ‘அது மழை பெய்கிறது’ என்று ஓர் எழுவாயைத் தேடித் திணிக்க வேண்டிய தொல்லை இதிலும் இல்லை. இந்த மடிப்பு கைவந்தால் அம்போன் (தூறல்), குலோக் (இடி), கித்லத் (மின்னல்), பஹா (வெள்ளம்), பக்யோ (புயல்) எல்லாமே அடங்கிவிடும்.

பக்யோவில் வருவது ‘பாக்யம்’ என்பதன் ஓசைதான், பொருள் நேர்மாறு. மலைமேல் குளிராக இருக்கும் ஊரின் பெயர் பாக்யோ. அழுத்தம் முதலசையில் இருந்தால் ஊர், கடைசியில் இருந்தால் புயல்.

வெப்பம் என்றால் மயீனித், குளிர் என்றால் மலமிக், வியர்த்துக் கசகசவென்று புழுங்கினால் மா-அலின்ஸாஙன். காற்று ஹாஙின். மார்ச் முதல் மே வரை தாக்-ஈனித், வெயில் காலம். ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரை ஹபாகத், தென்மேற்குப் பருவக்காற்று. மணிலாவை நனைப்பது இது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அமீஹன், வடகிழக்குக் காற்று. சென்னைக்காரர் வடகிழக்கு என்றதும் குடையைத் தேடுவார். மணிலாவில் அது வறண்ட, இதமான காலம். மழையெல்லாம் நாட்டின் கிழக்குக் கரையோரத்துக்குத்தான்.

புயல் அறிவிப்புதான் உண்மையிலேயே படித்துக்கொண்டு போக வேண்டியது. வானிலைத் துறையின் பெயர்ச்சுருக்கம் பாகாஸா. அந்தச் சொல்லுக்கே நம்பிக்கை என்று பொருள். அதன் பொறுப்பெல்லைக்குள் ஆண்டுக்குச் சுமார் 20 புயல்கள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் அவர்கள் உள்ளூர்ப் பெயர் வைப்பார்கள். அதனால் ஒரே புயலுக்கு இரண்டு பெயர்: ஊரிலிருந்து அம்மா தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுச் சொல்லும் பெயரும், பக்கத்து வீட்டார் சொல்லும் பெயரும் வெவ்வேறாக இருக்கும். இரண்டு புயல் என்று பதற வேண்டாம்.

எச்சரிக்கை ‘சிக்னல் நம்பர்’ என்று வரும். 2022-இல் திருத்திய அளவுப்படி சிக்னல் 1 என்றால் மணிக்கு 39 முதல் 61 கிலோமீட்டர் காற்று, 36 மணி நேரத்துக்குள். சிக்னல் 2: 62 முதல் 88 வரை, 24 மணி நேரம். சிக்னல் 3: 89 முதல் 117 வரை, 18 மணி நேரம். சிக்னல் 4: 118 முதல் 184 வரை, சிக்னல் 5: 185-ம் அதற்கு மேலும், இரண்டுக்கும் 12 மணி நேரமே அவகாசம். இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, சிக்னல் எண்ணை மழையின் அளவு என்று நினைப்பது. அது காற்றுக்கு மட்டும். மழைக்குத் தனியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை உண்டு. சிவப்பு என்றால் ஒரு மணி நேரத்தில் 30 மில்லிமீட்டருக்கு மேல். சிக்னலே இல்லாத நாளில் ஹபாகத் மழையில் மணிலா முழங்காலளவு தண்ணீரில் நிற்பது வழக்கமானதே. ‘வலங் பாஸொக்’ என்று கைப்பேசியில் செய்தி ஓடினால் அன்று வகுப்போ வேலையோ இல்லை.

இன்னொரு சொல்: தலூயொங். புயல் தள்ளிக்கொண்டு வரும் கடல்நீர், கரைதாண்டி ஊருக்குள் ஏறுவது. 2013 நவம்பர் 8-ஆம் தேதி யோலாந்தா புயல் (வெளியுலகுக்கு ஹையான்) தக்லோபான் நகரைத் தாக்கியபோது, அதற்கு முன்பே ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்று ஆங்கிலத்தில் எச்சரித்திருந்தார்கள். அது பெருங்காற்று போல என்று நினைத்தவர்கள் ஏராளம். சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று பிறகு சொன்னார்கள். அந்தப் புயலில் இறந்தவர்கள் 6,000-க்கும் மேல். கரையோரம் தங்குகிறீர்கள் என்றால் தலூயொங் என்ற சொல் காதில் விழுந்ததும் மேட்டுக்குப் போங்கள். ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஆறாவது: மனசு

எளிய சொற்கள் முதலில். மஸயா மகிழ்ச்சி, மலுங்க்கோத் வருத்தம், பகோத் களைப்பு, குத்தோம் பசி, உஹாவ் தாகம், அன்த்தோக் தூக்கம், தாக்கோத் பயம், கலித் கோபம், புஸோக் வயிறு நிறைவு. கூடவே இரண்டு ஒட்டு: ‘நா’ என்றால் ‘ஆச்சு’, ‘பா’ என்றால் ‘இன்னும்’. ‘குத்தோம் நா அக்கோ’ எனக்குப் பசி வந்தாச்சு. ‘புஸோக் பா போ அக்கோ’ இன்னும் வயிறு நிறைந்தே இருக்கிறது. சாப்பாட்டை நோகாமல் மறுக்க இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது.

‘குமுஸ்தா?’ எப்படி இருக்கிறீர்கள். பதில் ‘மபூத்தி நமன் போ’. அதைவிட அதிகமாகக் கேட்பது ‘குமாயின் கா நா?’. நம்முடைய ‘சாப்பிட்டாச்சா?’ அப்படியே. ‘எங்கே கிளம்பிட்டீங்க?’ என்பதும் அங்கே வெறும் விசாரிப்புதான். ‘தியான் லாங்’, இதோ பக்கத்திலேதான் என்றால் போதும், முகவரி கொடுக்க வேண்டியதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் உங்களைப் பார்த்து ‘கா-இன் தாயோ’ என்பார், வாங்க சாப்பிடலாம். நன்றி சொல்லி நகர்வதுதான் வழக்கம்: ‘ஸீகே போ, ஸலாமத்’.

சிக்கலான சொல் தம்ப்போ. ஆங்கில அகராதிகள் இதற்கு அரைப் பக்கம் எழுதுகின்றன. தமிழில் ‘கோவிச்சுக்கிட்டான்’ என்று சொல்லிவிடலாம்: நெருங்கியவர் மேல் உரிமையால் வரும் பிணக்கு, காதலர்களுக்குள் வந்தால் ஊடல். சண்டை போட மாட்டார்கள், காரணமும் சொல்ல மாட்டார்கள், பேச்சு மட்டும் குறையும். ‘கலித் கா பா?’, கோபமா என்று நேராகக் கேட்டால் ‘ஹிந்தி’ என்று பதில் வரும், நம்பிவிடாதீர்கள். விளக்கம் கேட்டுக் குடைவது இன்னும் கெடுக்கும். செய்ய வேண்டியது லம்பீங், அதாவது கொஞ்சிச் சமாதானம் செய்வது. ஒரு தின்பண்டத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். உரக்கப் பேசுவது நமக்கு இயல்பு. அங்கே அது கோபமாகத்தான் கேட்கும். பிறர் முன்னிலையில் ஒருவரைத் திருத்தினால் வருவது ஹியா, கூச்சமும் அவமானமும் கலந்தது. அதன்பின் அவர் உங்களிடம் எதையும் கேட்க மாட்டார்.

ஆழமான உணர்ச்சிகள் பல ‘லோ-ஓப்’ என்ற சொல்லைச் சுற்றி நிற்கின்றன. லோ-ஓப் என்றால் உள்ளே. மனம் என்றும் பொருள். உள், உள்ளம் என்று பழகிய நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ‘ஸமா நாங் லோ-ஓப்’ மனத்தாங்கல், ‘லக்கஸ் நாங் லோ-ஓப்’ மனத்துணிவு, ‘ஊத்தங் நா லோ-ஓப்’ நன்றிக்கடன். இந்தக் கடைசிச் சொல் கனமானது. ஒருவர் செய்த பேருதவியை வாழ்நாள் முழுக்க நினைவில் வைத்திருப்பது, விளையாட்டாகப் பயன்படுத்தாதீர்கள்.

லேசானவையும் உண்டு. காதல் காட்சியைப் பார்த்து உள்ளுக்குள் துள்ளுவது கிலிக். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியில் 2016-இல் ஏறியது. கொழுகொழு குழந்தையைக் கண்டதும் கன்னத்தைக் கிள்ளக் கை பரபரப்பது கீகில், 2025-இல் ஏறியது. கைநழுவிப் போனதற்கு ‘ஸாயங்!’, அடடா போச்சே. ‘பஹாலா நா’, நடப்பது நடக்கட்டும். உங்களோடு ஆங்கிலம் பேசித் திணறும் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘நோஸ்பிளீட்!’ என்றால் மருத்துவ மாணவர்கள் பஞ்சைத் தேட வேண்டாம். ஆங்கிலம் தாங்கவில்லை என்று நகைச்சுவையாகச் சொல்கிறார். ‘ஹைபிளட்’ என்றால் கோபம். நாம் ‘பிபி ஏத்தாதே’ என்பது போல.

ஸிகூரோ என்ற சொல்லில் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பானிய மூலத்தில் ‘நிச்சயம்’. பிலிப்பினோவில் ‘ஒருவேளை’. ஒருவர் சிரித்துக்கொண்டே ஸிகூரோ என்றால் வரமாட்டார் என்றே திட்டமிடுங்கள்.

உடம்புக்கு

‘மஸக்கித் அங் ஊலோ கோ’ தலை வலிக்கிறது. ஊலோவுக்குப் பதில் தியான் போட்டால் வயிறு. நஹிஹீலோ தலைசுற்றல், நஸுஸூக்கா குமட்டல், லக்நத் காய்ச்சல், உபோ இருமல், கமோத் மருந்து. மலைப்பாதைப் பஸ்ஸிலும் படகிலும் நஸுஸூக்கா அவசியம் தேவைப்படும். சொன்னதும் நடத்துநர் பிளாஸ்டிக் பை கொண்டுவருவார்.

செபு, தாவாவோ போகிறவர்களுக்கு

பிஸாயாவில் ‘போ’ கிடையாது. வேண்டுகோளுக்குப் ‘பாலிஹுக்’ சேர்ப்பார்கள். ஜீப்னி நிறுத்த ‘லுகார் லாங்’, எவ்வளவு என்பதற்கு ‘பிலா?’, எங்கே என்பதற்கு ‘ஆஸா?’. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்க ‘ஆஸா அங் ஸக்கித்?’. களைப்புக்குக் காப்பொய். உலான் இரண்டு மொழியிலும் உலான்தான். லிபோக் என்ற சொல்லில் மட்டும் எச்சரிக்கை: பிஸாயாவில் குழப்பம், தகலோக்கில் காமம். தாவாவோவில் கற்றுக்கொண்டு மணிலா வகுப்பறையில் ‘எனக்கு ஒரே லிபோக்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

முதல் வாரம் எப்படிப் பழகுவது

தெருமுனைப் பெட்டிக்கடையில் தொடங்குங்கள். சாரி-சாரி ஸ்டோர் என்பார்கள். கம்பி வலைக்கு வெளியே நின்று ‘பபிலி போ!’ என்று கூப்பிட்டால் ஆள் வருவார். தினமும் ஒரு பொருள், விலையை ஸ்பானிய எண்ணில் காதால் வாங்குவது, மீதியைச் சரிபார்ப்பது. மூன்றாம் நாள் ஜீப்னி, கூட்டம் இல்லாத முற்பகலில், ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்து. அங்கே உட்கார்ந்தால் எல்லோருடைய காசும் உங்கள் கை வழியாகப் போகும். பத்து நிமிடத்தில் பாயத், ஸுக்லி, இஸா, தலவா எல்லாம் இருபது தடவை காதில் விழும். மழை வந்தால் கடைக்காரரிடம் ‘உமு-உலான் நா’ என்று சொல்லிப் பாருங்கள், அவரே பேச்சை வளர்ப்பார். புரியாத வேகத்தில் பதில் வந்தால் ‘தஹான்-தஹான் லாங் போ’, மெதுவாக. திரும்பச் சொல்ல ‘பாக்கி-ஊலித் போ’. இந்த இரண்டையும் கைப்பேசித் திரையில் எழுதி வைத்துக்கொண்டு ஏறுங்கள்.